மூட்டை பிரிக்காத ஆகஸ்ட்: கிழக்கு இங்கிலாந்துப் பண்ணை ஒன்றில் ரேப்சீடும் தெள்ளு வண்டும்

பின்னணி

கேம்பிரிட்ஜ்ஷயரும் சஃபோக்கும் சேரும் எல்லையில், கனத்த களிமண் பூமியில் இருக்கிறது இந்தப் பண்ணை. சுமார் 240 ஹெக்டேர். அறுபதைத் தாண்டிய தந்தையும், படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பிய மகளும் சேர்ந்து நடத்துகிறார்கள். 2018 கோடையிலிருந்து அங்கே பயிர் ஆலோசகராகப் போய்வந்தேன். அவர்கள் யார், எந்த ஊர் என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. தவறான முடிவுகளில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ரேப்சீடு நம் கடுகுக்கு நெருங்கிய சொந்தம். கனோலா என்று கடையில் விற்கும் எண்ணெய் இந்தக் குடும்பத்து விதைதான். இங்கிலாந்தில் ஆகஸ்டில் விதைத்து அடுத்த ஜூலையில் அறுக்கிறார்கள். ஏறக்குறைய பதினொரு மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். எண்ணெய்ப் பணத்துக்காக மட்டும் இதைப் போடுவதில்லை. கோதுமைக்குப் பின் கோதுமை என்று போட்டுக்கொண்டே போனால் வேரழுகல் வரும், பிளாக் கிராஸ் என்ற புல் வயலையே விழுங்கிவிடும். கோதுமையில் அடிக்க முடியாத புரோபிசமைடு களைக்கொல்லியை ரேப்சீடில் அடித்து அந்தப் புல்லை ஒடுக்கலாம். ஜூலையிலேயே நிலம் காலியாவதால் அடுத்த கோதுமைக்கு நிதானமாக உழவும் செய்யலாம். அதனால் ரேப்சீடு போனால் ஒரு பயிர் மட்டும் போவதில்லை, பயிர்ச்சுழற்சியின் முதுகெலும்பே போகிறது.

இதன் முதல் எதிரி தெள்ளு வண்டு. கருநீலமாக மினுங்கும், எள்ளைவிடச் சற்றே பெரிய வண்டு. பின்னங்கால் தொடை தடித்திருக்கும்; தொட்டால் தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளி ஓடிவிடும். ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். கோடையில் ஓய்ந்து கிடந்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் இளம் பயிரைத் தேடி வந்து வித்திலைகளைத் துளைத்துத் தின்னும். அப்புறம் செடியின் அடியில் மண்ணில் முட்டையிடும். புழுக்கள் இலைக்காம்புக்குள் புகுந்து, குளிர்காலம் முழுக்க உள்ளேயே தின்று, தண்டு வரை போய்விடும். ஆக, ஒரே பூச்சியிடமிருந்து இரண்டு அடி. முதல் அடி கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. இந்தப் பண்ணையில் நடந்ததெல்லாம் அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு என்றே இப்போது நினைக்கிறேன்.

தடை வந்த விதம்

நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையால் விதை நேர்த்தி செய்த காலத்தில் முதல் அடி பெரிதாகத் தெரியாது. மருந்து விதையோடு மண்ணுக்குள் போய், செடி வளர வளர இலைக்கும் ஏறிவிடும். இந்த வகையைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் என்ற பெயர்கள் நம் ஊர் உரக்கடையிலும் பழகியவைதான். அதே குணத்தால் மருந்து பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகிறது என்பதுதான் சிக்கல். தேனீக்களுக்கு இதனால் ஆபத்து என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013 ஜனவரியில் அறிக்கை தந்தது. இந்த இரண்டோடு குளோதியானிடினையும் சேர்த்து, தேனீ தேடி வரும் பயிர்களில் பயன்படுத்த 2013 டிசம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. நேர்த்தி செய்யாத விதையை இங்கிலாந்து விவசாயிகள் முதலில் விதைத்தது 2014 ஆகஸ்டில். 2015இல் சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் உள்ளிட்ட நான்கு கிழக்கு மாவட்டங்களில், நாட்டின் ரேப்சீடு பரப்பில் 5 சதவீதத்துக்கு மட்டும் அவசர அனுமதி கிடைத்தது. 2018இல் தடை திறந்தவெளிப் பயிர்கள் அனைத்துக்கும் நீண்டது.

கையில் மிஞ்சியது பைரித்ராய்டு என்ற இன்னொரு வகைப் பூச்சிக்கொல்லித் தெளிப்பு மட்டும். அதற்கும் பிரிட்டனின் தெள்ளு வண்டுகளில் எதிர்ப்புத்திறன் இருப்பது 2014லேயே தெரிந்துவிட்டது. அதாவது ஒரு கதவைச் சட்டம் மூடியது, இன்னொன்றை வண்டே மூடிக்கொண்டது. ஊர்க்காரர்கள் முதலாவதை மட்டும்தான் பேசுவார்கள்.

2018 ஆகஸ்ட்: காலண்டர் பார்த்து விதைத்தோம்

அந்தக் கோடை கடும் வெயில். களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆனாலும் பெரியவருக்கு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் என்றால் ரேப்சீடு வாரம். முப்பது வருடமாக அப்படித்தான். 58 ஹெக்டேரிலும் விதைத்தோம். மழை வந்துவிடும் என்று நானும் தலையாட்டினேன்.

முளைப்பு திட்டுத் திட்டாக வந்தது. ஈரம் இருந்த இடத்தில் ஒரு வாரத்தில் முளைத்தது, மற்ற இடத்தில் விதை அப்படியே கிடந்தது. பகலில் பார்த்தால் வண்டு அவ்வளவாகத் தென்படவில்லை. ஒருநாள் இரவு பத்து மணிக்கு மகளோடு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். வெளிச்சம் பட்டதும் மண்ணெல்லாம் பொரிந்த மாதிரி துள்ளியது. நகக்கண் அளவு வித்திலை ஒன்றில் நான்கு வண்டு. காலையில் அதே இடத்தில் இலை இல்லை, ஒரு பச்சைக் காம்பு மட்டும் நின்றது.

இளம் பயிரில் இலைப் பரப்பில் கால்வாசிக்கு மேல் தின்றிருந்தால் மருந்து அடிக்கலாம் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் பொருளாதார சேதநிலை. நாங்கள் அதைத் தாண்டியிருந்தோம். லாம்டா சைஹாலோத்ரின் என்ற பைரித்ராய்டை அடித்தோம். மூன்றாம் நாள் வண்டு திரும்பத் துள்ளியது. பத்து நாளில் இரண்டாவது முறை அடித்தோம். அதற்கு அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து, உள்பக்கம் மருந்து பூசிய சோதனைக் குப்பிகளை வாங்கி, வயலில் பிடித்த 20 வண்டுகளை அதில் விட்டோம். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது 16 வண்டுகள் குப்பியின் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. மகள் குப்பியைச் சன்னலோரம் வைத்துவிட்டுப் பேசாமல் வெளியே போனார்.

இதற்குப் பின்னும் மூன்றாவது தெளிப்பு நடந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. கண்ணெதிரே பயிர் போகும்போது சும்மா நிற்பது யாருக்கும் முடியாத காரியம். “ஏதாவது செய்தோம் என்றாவது இருக்கட்டும்” என்றார் பெரியவர். அந்த ஏதாவது, வண்டைத் தின்னும் தரை வண்டுகளையும் சிலந்திகளையும்தான் அதிகம் கொன்றிருக்கும்.

அக்டோபர் முதல் வாரத்தில் 21 ஹெக்டேரை அழித்துக் கோதுமைக்கு மாற்றினோம். அந்தப் பகுதியில் களைக்கொல்லி இன்னும் அடிக்காததால் மாற்ற முடிந்தது. அடித்திருந்தால் மண்ணில் தங்கும் மருந்து கோதுமையைத் தடுத்திருக்கும். அடிக்காமல் விட்டதற்குக் காரணம் முன்யோசனை இல்லை, தெளிப்பான் பழுது.

பிப்ரவரி: வயல் பச்சையாகத்தான் இருந்தது

மீதி 37 ஹெக்டேர் தப்பிவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். குளிர்காலமும் மிதமாக இருந்தது, வயல் பச்சையாக நின்றது. பிப்ரவரி நடுவில் ஒரு செடியைப் பிடுங்கிப் பேனாக்கத்தியால் இலைக்காம்பைக் கீறினேன். உள்ளே பழுப்பு நிறச் சுரங்கம். அதில் கருந்தலையும் கருவாலுமாக வெள்ளைப் புழு. அடுத்த காம்பிலும் இருந்தது. இப்படி ஒரே செடியில் பதினொன்று எண்ணினேன். ஒரு செடிக்கு சராசரியாக ஐந்து புழு என்றாலே கவலைப்பட வேண்டிய அளவு.

அந்த மிதமான குளிர்காலத்தைத்தான் நாங்கள் வரவேற்றுக்கொண்டிருந்தோம். முட்டையிடுவதற்கும் புழு வளர்வதற்கும் அதுவே வசதி. ஏப்ரலில் நடுத்தண்டு எழும்பாமல் பல செடிகள் பக்கக் கிளைவிட்டுப் புதர் மாதிரி நின்றன. சில இடத்தில் காற்றுக்கே தண்டு முறிந்தது. ஒரு மூலையில் பூ உதிர்ந்துகொண்டிருக்க, இன்னொரு மூலையில் மொட்டுகூட வரவில்லை. ஜூலையில் ஹெக்டேருக்கு 1.9 டன் கிடைத்தது. அந்தப் பண்ணையின் பழைய சராசரி 3.5.

2019: ஓர் ஆண்டு விலகல்

2019 ஜூலை 25 அன்று கேம்பிரிட்ஜில் வெயில் 38.7 டிகிரியைத் தொட்டது. அந்த வாரம் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினோம். இனி ரேப்சீடே வேண்டாம் என்றார் பெரியவர். நிரந்தரமாகக் கைவிட்டால் பிளாக் கிராஸை என்ன செய்வது என்று மகள் கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓர் ஆண்டு மட்டும் விடுவது, அந்த நிலத்தில் வசந்தகாலத்து மொச்சை போடுவது என்று முடிவானது.

இதற்கு விலை கொடுக்காமல் இல்லை. 2020 மே, இங்கிலாந்தில் பதிவான மே மாதங்களிலேயே மிக வறண்டது. மொச்சை முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. தெள்ளு வண்டிடமிருந்து தப்பி வானத்திடம் மாட்டினோம். மாற்றுப் பயிர் போடுங்கள் என்று யோசனை சொல்வது எளிது, அந்தப் பயிருக்கும் ஒரு கெட்ட வருடம் காத்திருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல்தான் அப்படிச் சொல்கிறோம். நானும் சொன்னவன்தான்.

2020 ஆகஸ்ட்: வேறு மாதிரி

மறுபடி ரேப்சீடு போட மகள் ஒரு நிபந்தனை வைத்தார்: பைரித்ராய்டு ஒரு சொட்டுகூட இல்லை. பெரியவர் எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தக் குப்பியை மறக்கவில்லை போல, சரி என்றுவிட்டார். பரப்பு 22 ஹெக்டேர் மட்டும். நாற்பதோ ஐம்பதோ போட்டு இழந்தால் தாங்க முடியாது.

செய்தது என்ன, ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணில் ஈரம் வந்த பின்பே விதைப்பது. வேகமாக முளைத்து நான்கு இலைக்குப் போய்விடும் பயிர் வண்டை முந்திவிடும். வீரியமுள்ள கலப்பின ரகம். கோதுமைத் தாளைக் குட்டையாக வெட்டாமல் நீளமாக நிற்கவிட்டோம். விதைப்புக்கு முன் கோழி எரு போட்டோம். பக்வீட் என்ற தானியப் பயிரும் பெர்சீம் என்ற தீவனப் பயிரும் ஊடுபயிர். கடுகுக் குடும்பத்து இலையைத் தேடி வரும் வண்டைக் குழப்பிவிடும் என்பது எண்ணம், முதல் உறைபனியில் பக்வீட் தானே செத்துவிடும்.

கடைசி ஏற்பாடு எங்கள் நிலத்தில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துப் பண்ணைக்காரர் ஜூலையில் ரேப்சீடு அறுத்திருந்தார். உதிர்ந்த விதையெல்லாம் முளைத்து மெத்தை மாதிரி கிடந்தது. அறுவடை முடிந்த வயலிலேயே ஓய்ந்து கிடந்த வண்டு, முளைத்த செடியைக் கண்டால் அங்கேயே தங்கிவிடும். செடியை அழித்தால் கிளம்பி எங்கள் வயலுக்கு வரும். அதனால் செப்டம்பர் கடைசி வரை அதை அழிக்காமல் விடும்படி அவரிடம் கேட்டோம். அவருக்கு இதில் ஒரு காசு லாபமில்லை, அவருடைய கோதுமை விதைப்புதான் தள்ளிப்போகும். மகள்தான் போய்ப் பேசினார். “உங்கள் வண்டுக்கு நான் சோறு போட வேண்டுமா” என்று சிரித்தாராம். அப்புறம் ஒப்புக்கொண்டார்.

நடுவில் ஒரு மீறல் நடந்தது. ஆகஸ்ட் 10 அன்று, நான் ஊரில் இல்லாதபோது, பெரியவர் மேற்கு மூலையில் 3 ஹெக்டேரை விதைத்துவிட்டார். பழக்கம் கை விடவில்லை. மாத நடுவில் வந்த இடிமழையில் அது அழகாக முளைத்துவிட்டது. மீதி 19 ஹெக்டேரை ஆகஸ்ட் கடைசி வாரம் ஈர மண்ணில் விதைத்தோம். அக்டோபரில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் மேற்கு மூலையைத்தான் பாராட்டினார்கள். செடிகள் இரண்டு மடங்கு பெரியவை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வருகிறவர்களை அந்தப் பக்கமாகவே கூட்டிப்போனார்.

நவம்பர்: தட்டில் விழுந்த புழுக்கள்

இந்த முறை இலை ஓட்டையை எண்ணுவதோடு நிற்கவில்லை. வயலின் பல இடங்களிலிருந்து 25 செடிகள் வீதம் எடுத்து, பண்ணை அலுவலகத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில், கம்பிவலை மேல் பரப்பினோம். வலைக்கு அடியில் தண்ணீர்த் தட்டு. செடி காயக் காய உள்ளே இருக்கும் புழு வெளியேறித் தண்ணீரில் விழும். இரண்டு மூன்று வாரம் எடுக்கும், அறை முழுக்க வாடிய முட்டைக்கோஸ் நாற்றம். காம்பைக் கீறி எண்ணுவதைவிட இதில் கண் தவறு குறைவு.

ஆகஸ்ட் கடைசியில் விதைத்த பகுதியில் செடிக்கு மூன்றுக்கும் குறைவு. எல்லோரும் பாராட்டிய மேற்கு மூலையில் ஏழு. முதலில் முளைத்த பயிர் முட்டையிட வந்த வண்டுகளுக்கு அதிக நாள் கிடைத்திருந்தது, அவ்வளவுதான். பெரியவர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் தானும் ஒருமுறை எண்ணினார்.

ஜனவரி: ஆடு விட்டது

குளிர்காலத்தில் ஆடு மேயவிட்டால் இலைக்காம்போடு புழுவும் போய்விடும் என்பது அங்கே பரவிக்கொண்டிருந்த யோசனை. எங்கள் ஊரில் அறுவடை முடிந்த காட்டில் கிடை போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நிற்கும் பயிரில் ஆட்டை விடச் சொல்வது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. கிடை எருவுக்காக, இது புழுவுக்காக.

களைக்கொல்லி லேபிளில் மேய்ச்சலுக்குச் சொல்லியிருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு, ஜனவரியில் 6 ஹெக்டேரில் செம்மறிகள் வந்தன. இலை மேய்ந்தது நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் குளிர்காலம் ஈரம் அதிகம். ஆடு கூடி நின்ற வாசல் பக்கமும் தண்ணீர்த் தொட்டி ஓரமும் களிமண் சேறாக மிதிபட்டது. ஆட்டுக்காரருக்கு அடுத்த மேய்ச்சல் நிலம் தயாராகாததால், ஜனவரி கடைசியில் போக வேண்டிய ஆடுகள் பிப்ரவரி நடுவில்தான் போயின. செடியின் வளர்நுனி எழும்பத் தொடங்கிவிட்டிருந்தது, அதையும் கடித்துவிட்டன. போதாக்குறைக்கு அந்த ஏப்ரல் முழுக்க உறைபனி. மேய்ந்த பகுதி பூக்கப் பத்து நாள் தாமதமானது.

விளைவு

2021 அறுவடையில் ஆகஸ்ட் கடைசியில் விதைத்து, மேயவிடாத 13 ஹெக்டேரில் ஹெக்டேருக்கு 3.2 டன். ஆடு மேய்ந்த பகுதியில் 2.8. மேற்கு மூலையில் 2.4. பூச்சிமருந்துச் செலவு பூஜ்யம். எரு, ஊடுபயிர் விதை, ஆட்டுவேலி ஆகியவற்றின் செலவு அந்த மிச்சத்தில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிட்டது. ஆனாலும் அடுத்து வந்த கோதுமையில் பிளாக் கிராஸ் குறைந்திருந்ததை நடந்து பார்த்தாலே சொல்லலாம்.

அடுத்த ஆண்டு ஆடு இல்லாமல் அதே முறையில் 3.6 டன். நாடு முழுக்கவே 2022 நல்ல மகசூல் வருடம் என்பதால் இதை எங்கள் சாமர்த்தியக் கணக்கில் எழுத மாட்டேன்.

பொதுப் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2012இல் ஏழரை லட்சம் ஹெக்டேரைத் தொட்ட பிரிட்டனின் ரேப்சீடு பரப்பு 2021இல் சுமார் மூன்று லட்சமாகச் சுருங்கிவிட்டது. பலர் விலகியதால் வண்டுக்கு உணவு குறைந்தது என்றும் சொல்லலாம், மிஞ்சிய சில வயல்களில் வண்டு குவிகிறது என்றும் சொல்லலாம். எங்கள் பக்கம் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

2022 ஆகஸ்ட்

உக்ரைன் போரால் எண்ணெய் வித்து விலை ஏறியிருந்தது. 30 ஹெக்டேருக்கு விதை வாங்கிக் கொட்டகையில் அடுக்கியிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் கிழக்கு இங்கிலாந்தில் அதிகாரபூர்வமாக வறட்சி அறிவித்தார்கள். கொட்டகைச் சுவரில் மகள் சாக்பீஸால் எழுதியிருந்தது இன்னும் அப்படியே இருந்தது: “ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இல்லையென்றால் விதை இல்லை. செப்டம்பர் 10க்கு அப்புறமும் இல்லை.” வாரம் ஒருமுறை மண்வெட்டியால் குழி வெட்டிப் பார்த்தோம். ஆகஸ்ட் முழுக்க மண் கையில் மாவாக உதிர்ந்தது. பக்கத்தில் இருவர் புழுதியில் விதைத்தார்கள். பெரியவர் தினமும் அவர்கள் வயலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் மூட்டையைப் பிரிக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் மழை வந்தது. ஈரம் இறங்கிய 14 ஹெக்டேரில் மட்டும் விதைத்தோம். மீதி மூட்டைகளைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது, வாங்கும்போதே அப்படிப் பேசியிருந்தோம்.

மறுபடி செய்வதென்றால்

குப்பிச் சோதனையை முதல் தெளிப்புக்கு முன்பே செய்திருப்பேன். அதற்கு ஒரே நாள்தான் ஆகும், 2018இல் மூன்று தெளிப்புச் செலவும் மிச்சமாகியிருக்கும். புழுவை பிப்ரவரியில் இல்லை, நவம்பரிலேயே எண்ண வேண்டும். களிமண்ணில் ஆடு விடுவதை நான் இனி பரிந்துரைக்க மாட்டேன். மணற்பாங்கான பூமியில், ஜனவரிக்குள் ஆட்டை வெளியேற்ற உறுதி இருந்தால் யோசிக்கலாம்.

பெரிய குறை வேறு. 2020இல் ஐந்தாறு காரியங்களை ஒரே வயலில் ஒரே நேரத்தில் செய்தோம். ஊடுபயிர் உதவியதா, எரு உதவியதா, பக்கத்து வயல் உதவியதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. விதைப்பு நாளைப் பற்றி மட்டும் ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது. அதுவும் பெரியவர் என் பேச்சைக் கேட்காமல் மேற்கு மூலையை விதைத்ததால் கிடைத்த ஒப்பீடு. நான் திட்டமிட்டு ஒரு சோதனைத் துண்டுகூட விட்டிருக்கவில்லை.

அதனால் 2022 செப்டம்பரில் 14 ஹெக்டேரின் நடுவே 24 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையில் ஊடுபயிரும் எருவும் இல்லாமல் வெறும் ரேப்சீடு விதைத்து, இரு முனையிலும் வெள்ளைக் குழாய் நட்டோம். நல்ல நிலத்தை வேண்டுமென்றே பட்டினி போடுவது பெரியவருக்குப் பிடிக்கவில்லை. குழாய் நடும்போது சுத்தியலை மட்டும் அவர்தான் பிடித்துக்கொண்டார்.